மதுரை மலைகளும் கண்மாய்களும்: சைக்கிளிலும் நடந்தும் பார்க்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளுக்குச் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறோம். முதல் சில கேள்விகள் புதியவர்களுக்கு. ஏற்கெனவே போய்வந்தவர்கள் ஒன்பதாவது கேள்வியிலிருந்து படித்தாலே போதும்.

1. மதுரைன்னா மீனாட்சி கோயிலும் மகாலும்தானே? வெளிய சைக்கிள்ல சுத்திப் பாக்க அப்படி என்ன இருக்கு?

மேற்கே சமணமலை, கொங்கர்புளியங்குளம், விக்கிரமங்கலம். கிழக்கிலும் வடகிழக்கிலும் யானைமலை, அரிட்டாபட்டி, மாங்குளம், கிடாரிப்பட்டி பக்கத்து அழகர்மலை, திருவாதவூர், கீழவளவு, கருங்காலக்குடி. இந்தக் குன்றுகளில் சமண முனிவர்கள் தங்குவதற்காக வெட்டிய கற்படுக்கைகளும், அவற்றைச் செய்து கொடுத்தவர்களின் பெயரைச் சொல்லும் தமிழி (தமிழின் மிகப் பழைய எழுத்து) கல்வெட்டுகளும் இருக்கின்றன. பழையவை சுமார் 2,200 ஆண்டுக்கு முந்தியவை. பல இடங்களில் அதே பாறையில் கி.பி. 9, 10-ஆம் நூற்றாண்டுத் தீர்த்தங்கரர் (சமணர் வணங்கும் ஞானியர்) சிற்பங்களும் உண்டு.

காரில் போகிறவர்கள் அடிவாரத்தில் இறங்கி, ஏறி, படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். குகை ஏன் அந்த மலையில் இருக்கிறது என்பது மலையைச் சுற்றியுள்ள நிலத்தைப் பார்த்தால்தான் பிடிபடும். அழகர்மலைக் கல்வெட்டுகளில் கொடையாளிகளாக வருகிறவர்கள் உப்பு வணிகன், அறுவை வணிகன், கொழு வணிகன், மதுரைப் பொற்கொல்லன். அறுவை என்றால் துணி, கொழு என்றால் ஏர்க்கொழு. மாங்குளத்தில் வெள்ளறை என்ற ஊரின் வணிகர் குழு வருகிறது. கீழவளவுக் கல்வெட்டில் தொண்டி என்ற ஊர்ப்பெயர். பொதி ஏற்றிக்கொண்டு இந்த வழியாகப் போய்வந்த ஆட்கள் இவர்கள். ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்கு மிதித்துப் போகும்போது, தண்ணீரும் நிழலும் எங்கெங்கே வருகின்றன என்று உடம்புக்கே தெரிந்துவிடும்.

2. என்கிட்ட இருக்கிறது சாதா சைக்கிள். கியர் சைக்கிள் வாங்கணுமா?

வேண்டியதில்லை. இந்தப் பக்கம் நிலம் கிட்டத்தட்டச் சமதளம். மலை மேல் நடந்துதான் ஏறப்போகிறீர்கள். பழைய பெரிய சைக்கிளின் 28-க்கு ஒன்றரை அங்குல டயர் மண்பாதைக்கு நன்றாகவே தாங்கும். சிக்கல், பந்தயச் சைக்கிளின் 23, 25 மில்லிமீட்டர் டயரில்தான். கண்மாய்க் கரையில் அது மணலில் புதையும், சரளையில் ரிம்மே அடி வாங்கும். கியர் சைக்கிளாக இருந்தால் 35 மில்லிமீட்டருக்குக் குறையாத டயர் போடுங்கள். காற்று 45 முதல் 55 பிஎஸ்ஐ போதும்.

முதல்நாள் சாயங்காலமே பார்த்துவிட வேண்டியவை: பிரேக் கட்டை ரிம்மில் முழுசாகப் பிடிக்கிறதா, செயின் தொங்குகிறதா, சீட் உயரம் சரியா. பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். சீட் தாழ்வாக இருந்தால் இருபதாவது கிலோமீட்டரில் முழங்கால் பேச ஆரம்பிக்கும்.

3. முதல் தடவை எங்க போறது நல்லது?

கீழக்குயில்குடி சமணமலை. பெரியார் பேருந்து நிலையத்திலிருந்து சுமார் 12 கி.மீ. தேனி சாலையில் நாகமலைப் புதுக்கோட்டையை ஒட்டி இடப்பக்கம் பிரிய வேண்டும். அடிவாரத்தில் தாமரைக்குளம், ஆலமரங்கள், அய்யனார் கோயில். அங்கிருந்து படியேறினால் பேச்சிப்பள்ளம். வரிசையாக எட்டுப் புடைப்புச் சிற்பங்கள், அவற்றின் கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்து, பக்கத்தில் ஒரு சுனை.

பலபேர் இதோடு இறங்கிவிடுகிறார்கள். மலையின் இன்னொரு பக்கம் செட்டிப்பொடவு இருக்கிறது, அதை விடாதீர்கள். குகை வாசலில் பெரிய தீர்த்தங்கரர் அமர்ந்திருப்பார். உள்ளே குனிந்து போய் நிமிர்ந்து மேலே பார்த்தால்தான் மற்றச் சிற்பங்கள் தெரியும். அவற்றில் சிங்கத்தின் மேலேறி யானையை எதிர்க்கும் இயக்கியும் (சமணப் பெண் தெய்வம்) உண்டு. நின்றபடி எட்டிப் பார்த்தவர்களுக்கு இது தெரியாமலே போய்விடும்.

4. எந்த மாசம், எத்தனை மணிக்குக் கிளம்பணும்?

டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி கடைசிவரை. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழையில் பாறை வழுக்கும், கரைப்பாதை சேறாகும். ஆனால் கண்மாய் நிறைந்து மிச்ச நீர் மறுகாலாக வழிவதைப் பார்க்க அந்த மாதங்கள்தான். மார்ச்சுக்குப் பிறகு போனால் காலை 10 மணிக்குள் பாறையைவிட்டு இறங்கிவிடுங்கள். கருங்கல் சூடேறினால் செருப்பையும் தாண்டிச் சுடும், மேலே நிழல் கிடையாது.

5:30-க்குக் கிளம்பினால் 6:30, 7 மணிக்கு அடிவாரம். பொழுது விடியுமுன் நான்குவழிச் சாலையில் ஏறாதீர்கள். முன்விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் கட்டாயம்.

5. தண்ணி எவ்வளவு கொண்டு போகணும்? சுனைத் தண்ணி குடிக்கலாமா?

அரைநாளுக்கு ஆளுக்கு 3 லிட்டர், மார்ச்சுக்குப் பிறகு 4. வெறும் தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் கெண்டைக்கால் பிடித்து இழுக்கும், வியர்வையில் போகும் உப்பைத் திரும்பக் கொடுக்க வேண்டும். உப்புப் போட்ட மோர், எலுமிச்சைச் சாறு, ஓ.ஆர்.எஸ். பொட்டலம் எதுவானாலும் சரி. தலைவலியும் குமட்டலும் வந்தால் அதோடு நிறுத்தி நிழலில் உட்காருங்கள். வெயிலில் வியர்ப்பது நின்று, பேச்சு குழறினால் ஈரத்துணி போட்டு உடம்பைக் குளிரவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

சுனைநீரைக் குடிக்க வேண்டாம். குரங்கும் ஆடும் அதில்தான் குடிக்கின்றன. பல சுனைகள் ஊர்ச் சாமிக்கு உரியவை, காலை நனைப்பதும் கூடாது.

6. நடுவழியில பஞ்சர் ஆயிட்டா? பக்கத்துல கடையே இருக்காதே.

ஆகும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கண்மாய்க்கரை முழுக்கச் சீமைக்கருவேல முள். கையில் இருக்க வேண்டியவை: டயர் கழற்றும் நெம்புகோல் இரண்டு, ஒட்டுத் துண்டுகள், சொல்யூஷன், உப்புத்தாள், சிறிய பம்ப், முடிந்தால் மாற்று டியூப் ஒன்று. டியூபை வெளியே எடுத்துக் காற்றடித்துக் கன்னத்தருகே பிடித்தால் ஓட்டை தெரியும். உப்புத்தாளால் ஒட்டுத் துண்டைவிடப் பெரிய அகலத்துக்குத் தேய்த்து, சொல்யூஷனை மெல்லிசாகத் தடவி, தொட்டால் ஒட்டாத பதத்துக்கு நான்கைந்து நிமிடம் காயவிட்டு, பிறகு ஒட்டுத் துண்டை வைத்து அழுத்த வேண்டும். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் அரைமணியில் பிரியும்.

மறுபடி மறுபடி பஞ்சர் ஆவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்: முள் டயரிலேயே இருக்கும். டியூபைத் திரும்பப் போடுமுன் ஒரு துணியை டயரின் உட்புறம் முழுக்க ஓட்டுங்கள், துணி மாட்டுகிற இடத்தில் முள் நுனி இருக்கும். விரலை ஓட்டினால் விரலில் ஏறும். பழைய சைக்கிளாக இருந்தால் இன்னொன்றும் உண்டு. ஓட்டையே இல்லாமல் காற்று இறங்கினால் வால்டியூப்பைப் பாருங்கள். அந்தச் சின்ன ரப்பர் குழாய் வெயிலில் வெடித்துப்போகும். ஒரு சாண் நீளம் வாங்கிப் பையில் போட்டு வைத்தால் வருடக்கணக்கில் ஓடும்.

7. கூகுள் மேப் போட்டா நான்குவழிச் சாலையிலயே கூட்டிட்டுப் போகுது. வேற வழி உண்டா?

உண்டு. யானைமலை, அரிட்டாபட்டிப் பக்கம் போக மேலூர் நெடுஞ்சாலையைத்தான் அது காட்டும். ஒத்தக்கடை வரை வேறு வழி கஷ்டம், சர்வீஸ் ரோட்டைப் பிடியுங்கள். அங்கும் எதிர்த்திசையில் வண்டிகள் வரும், கவனம். அதன் பிறகு ஊர்ச் சாலைகளில் இறங்கிவிடலாம். மேலூர், அழகர்கோயில் பக்கங்களில் பெரியாறு கால்வாய்களின் கரைப்பாதைகள் சைக்கிளுக்குத் தோதானவை. 1895-இல் முல்லைப் பெரியாறு அணை முடிந்தபின் தண்ணீர் கண்ட கால்வாய்கள் இவை. தண்ணீர் திறந்திருக்கும் காலத்தில் இறங்கிக் குளிக்காதீர்கள், கரை செங்குத்து, இழுப்பும் அதிகம்.

கிளம்புமுன் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பகுதியை போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், மலைக்குப் பின்பக்கம் சிக்னல் போய்விடும். இந்திய நில அளவைத் துறையின் 50,000-க்கு ஒன்று வரைபடத்தையும் இணையத்தில் இறக்கலாம். கண்மாய், குன்று, வண்டிப்பாதை எல்லாம் அதில் ஒரே பார்வையில் கிடைக்கும். கண்மாய்க்குக் கண்மாய் எந்தப் பக்கம் நீர் இறங்குகிறது என்று பார்த்து வைத்தால் 12-ஆம் கேள்விக்கு உதவும்.

8. ஊர்ல போய் சமணர் குகை எங்கேன்னு கேட்டா யாருக்கும் தெரியலையே?

பஞ்சபாண்டவர் படுக்கை எங்கே என்று கேளுங்கள், பல ஊர்களில் அப்படித்தான் சொல்வார்கள். அதுவும் எடுபடவில்லையென்றால் மேலே படுக்கை வெட்டின பாறை, எழுத்து இருக்கிற பாறை என்று கேட்கலாம். ஆடு மேய்ப்பவர்களுக்குத் தெரியாத குகை இருக்காது.

டீக்கடையில் ஒரு டீ குடித்துவிட்டு, அண்ணே, மலைக்குப் போயிட்டு வர்றேன், சைக்கிள் இங்க நிக்கட்டுமா என்று கேட்டுவிட்டால் பூட்டைவிடப் பாதுகாப்பு. நீங்கள் யார், எதற்கு வந்தீர்கள் என்பது ஊருக்கும் தெரிந்துவிடும். கல்குவாரிப் பிரச்சினை பார்த்த ஊர்கள் இவை. காலையில் கேமராவோடு மலையைச் சுற்றும் புதுமுகத்தைச் சந்தேகப்படுவதில் நியாயம் இருக்கிறது.

9. குகைக்குள்ள அரைமணி நேரம் தேடினேன். படுக்கை இருக்கு, கல்வெட்டு கண்ணுக்கே தெரியல.

படுக்கையில் தேடியிருப்பீர்கள். சில இடங்களில் படுக்கையிலும் உண்டுதான், ஆனால் முதலில் பார்க்க வேண்டியது குகையின் நெற்றி. வெளியே வந்து நிமிர்ந்து பாருங்கள். மழைநீர் பாறையில் வழிந்து உள்ளே போகாமல் இருக்க, வாசலுக்கு மேல் ஒரு நீண்ட காடி வெட்டியிருப்பார்கள். கல்வெட்டு பெரும்பாலும் அந்தக் காடிக்குச் சற்றுக் கீழே ஒரே வரியாக ஓடும். தரையிலிருந்து நல்ல உயரத்தில் இருப்பதால் பலர் தவறவிடுவதே இதைத்தான்.

அடுத்தது வெளிச்சம். நேர் வெயிலில் வெட்டின கோடும் பாறையின் சொரசொரப்பும் ஒன்றுபோலத் தெரியும். கைக்கு எட்டும் எழுத்தென்றால் ஒரு டார்ச்சைப் பாறையை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்து, வெயிலைக் குடையால் மறையுங்கள். ஒளி சாய்வாக விழும்போது வெட்டுக்குள் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும். டார்ச்சை இடம், வலம், மேல், கீழ் என மாற்றிப் பிடித்து நான்கு படம் எடுங்கள். கிடைக்கோடு பக்க ஒளியில் மறையும், செங்கோடு மேல் ஒளியில் மறையும், ஒரே படத்தை வைத்துப் படித்தால் எழுத்து மாறிவிடும். எட்டாத உயரமென்றால் காலை அல்லது மாலைச் சாய்வெயிலுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

10. தமிழி எது, வட்டெழுத்து எதுன்னு பாத்தவுடனே சொல்ல முடியுமா?

முடியும். தமிழி குச்சி குச்சியாக நேர்கோடுகளில் இருக்கும். க என்பது கூட்டல் குறி. ந என்பது தரையில் படுத்த கோட்டின் நடுவில் நட்ட ஒரு குச்சி. அந்தக் குச்சியின் தலையிலும் ஒரு கோடு போட்டால் ண. இந்த மூன்றைத் தெரிந்துகொண்டு போனாலே வரியில் எங்கே நிற்கிறோம் என்று பிடித்துவிடலாம். தமிழ் பிராமி என்று பலகையில் எழுதியிருப்பதும் இதைத்தான்.

வட்டெழுத்து சுழித்துச் சுழித்து ஓடும். சமணமலையிலும் யானைமலையிலும் சிற்பங்களின் கீழே இருப்பது அது. கடைசியில் ‘செயல்’ என்றோ ‘செய்வித்த திருமேனி’ என்றோ முடிந்தால், மேலே உள்ள உருவத்தைச் செய்ய வைத்தவரின் பெயர் அதற்கு முன்னால் இருக்கும். அச்சணந்தி என்ற சமணத் துறவியின் பெயர் ஒன்றுக்கு மேற்பட்ட மலைகளில் வரும். சமணமலைக் கல்வெட்டுகளில் அடிக்கடி வரும் குறண்டித் திருக்காட்டாம்பள்ளி இன்றைய விருதுநகர் மாவட்டப் பக்கம் இருந்த சமணப் பள்ளி.

11. எழுத்து தெளிவாத் தெரிய சாக்பீஸ் இல்லன்னா மாவு தடவலாமா?

கூடாது. பலர் வருடக்கணக்கில் தடவியதால்தான் சில கல்வெட்டுகளில் இன்று இல்லாத கோடுகள் இருப்பதுபோலத் தெரிகின்றன. முன்னால் வந்தவர் தப்பாக வரைந்த சாக்பீஸ் கோட்டையே அடுத்தவர் படிக்கிறார். தண்ணீர் ஊற்றித் தேய்ப்பதும், பாசியைச் சுரண்டுவதும் அப்படியே. மைப்படி எடுப்பது (எழுத்தைக் காகிதத்தில் மையால் ஒற்றி எடுப்பது) பயிற்சி உள்ளவர்கள் அனுமதியோடு செய்யும் வேலை. 9-இல் சொன்ன டார்ச்சே போதும். மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

12. கண்மாய்ல தண்ணியைத் தவிர பாக்க என்ன இருக்கு?

எங்களைக் கேட்டால் குகையைவிட இதுதான் சைக்கிளுக்கு ஏற்ற விஷயம். கரை மேலேயே ஓட்டிக்கொண்டு போங்கள். வயல் பக்கம் நீர் வெளியேறும் இடம் மடை. அதற்கு நேரே கண்மாய்க்குள் இரண்டு கல்தூண்கள் நின்று, குறுக்கே கல் பலகைகள் கோத்திருந்தால் அது குமிழி மடை. தூணுக்கு நடுவே இறங்கும் தண்டைத் தூக்கினால் அடியில் துளை திறந்து நீர் போகும். தூண்களின் முகத்தில் கல்வெட்டு இருக்கிறதா என்று பாருங்கள். மடை செய்து கொடுத்தவர் பெயரை அங்கே வெட்டும் வழக்கம் உண்டு. கண்மாய் வற்றிய மாதங்களில்தான் அருகே போக முடியும், சேறு காய்ந்துவிட்டதா என்று கம்பால் குத்திப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

கரையின் ஒரு கோடியில் கலிங்கு இருக்கும், நிறைந்தபின் மிச்ச நீர் வழியும் இடம். அதன்மேல் வரிசையாக நட்ட குத்துக்கற்களுக்கு நடுவே மண்ணோ பலகையோ அடைத்து நீர்மட்டத்தைக் கூட்டுவார்கள். கலிங்கிலிருந்து கிளம்பும் மறுகாலைப் பிடித்துக்கொண்டே போனால் அடுத்த கண்மாயில் கொண்டுபோய் விடும், அதன் மறுகால் அதற்கடுத்ததில். போகிற வழியில் வயல் ஓரத்தில் சக்கரம் செதுக்கிய கல் நின்றால் அது திருவாழிக்கல், பெருமாள் கோயில் நிலத்தின் எல்லை. சூலம் இருந்தால் சிவன் கோயில் நிலம்.

13. பாறையில ஏற பயமா இருக்கு. எதுக்கு ஜாக்கிரதையா இருக்கணும்?

வழுக்கலுக்கும் தேனீக்கும். கறுப்பாக நீர் வழிந்த தடம் காய்ந்திருந்தாலும் வழுக்கும், வெளிர்நிறப் பாறையில் காலை வையுங்கள். ஏறும்போது இறங்கும் வழியையும் பார்த்துக்கொண்டே ஏறுங்கள். மாட்டிக்கொள்வது எப்போதும் இறங்கும்போதுதான். வெடிப்புகளில் பார்க்காமல் கையை விடக்கூடாது, பாம்பு இருக்கலாம்.

பாறை விளிம்பின் அடியில் முறம்போலத் தொங்குவது மலைத்தேனீயின் கூடு. அதன் கீழே வாசனைத் திரவியம், புகை, கூச்சல், ட்ரோன் எதுவும் ஆகாது. கலைந்து வந்தால் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் வெகுதூரம் போய்விடுங்கள். கையை வீசி அடித்தால் இன்னும் சேரும். கொடுக்குகளை நகத்தால் உடனே சுரண்டி எடுங்கள். உதடு வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ தாமதிக்காமல் 108.

14. பொண்ணுங்க மட்டும் போகலாமா?

போகிறார்கள். மூன்று நான்கு பேராக, விடிந்ததும் போய் மதியத்துக்குள் திரும்புவது நல்லது. ஞாயிறு சாயங்காலம் சில அடிவாரங்களில் குடிக்கிற கூட்டம் உட்கார்ந்திருக்கும். அந்த நேரத்தை ஆண்களும் தவிர்ப்பதே மேல். எந்த மலை, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவருக்குச் சொல்லிவிட்டுப் போங்கள்.

15. அரிட்டாபட்டியில சுரங்கம் வரப்போகுதுன்னாங்களே. இப்ப போகலாமா?

போகலாம். அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193.215 ஹெக்டேரைத் தமிழ்நாடு அரசு 2022 நவம்பரில் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது, மாநிலத்தில் இதுதான் முதலாவது. 2024-இல் அந்த வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விடப்பட்டது. ஊர்கள் திரண்டு எதிர்த்தபின் 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. இங்கே தமிழிக் கல்வெட்டோடு தீர்த்தங்கரர் சிற்பமும், பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயிலும் உண்டு. குடைவரையில் பாசுபத சைவ ஆசானான இலகுலீசர் உருவத்தைத் தேடிப் பாருங்கள், தமிழ்நாட்டில் அபூர்வம். லகடு வல்லூறு போன்ற இரைகொல்லிப் பறவைகள் பாறைகளில் கூடு கட்டும் இடம் என்பதால் சத்தம் வேண்டாம்.

16. உழுத வயல்ல பானை ஓடு நிறைய கிடந்துச்சு. ஒண்ணு ரெண்டு எடுத்துக்கலாமா?

எடுக்காதீர்கள். உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமான ஓடு பழையதாக இருக்கலாம். எந்த இடத்தில், எதனோடு கிடந்தது என்பதுதான் அதன் மதிப்பு, வீட்டு அலமாரியில் அது வெறும் ஓடு. கிடந்தபடியே, பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்துப் படமெடுத்து, போனில் இடக்குறியைக் குறித்துக்கொள்ளுங்கள். பூமிக்கடியில் இருந்து வந்த காசு, நகை, சிலை என்றால் சட்டமே வேறு. 1878-இல் போட்ட புதையல் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

17. பலகையில ஒரு நூற்றாண்டு, யூடியூப்ல ஒரு நூற்றாண்டு. கல்வெட்டோட காலத்துக்கு எதை நம்புறது?

பாறையில் வெட்டிய எழுத்தை நேரடியாகக் கரிமக் கணிப்பு செய்ய முடியாது. எழுத்து வடிவத்தை ஒப்பிட்டுத்தான் காலம் சொல்கிறார்கள். மாங்குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1882-இல் ராபர்ட் சீவல் கவனத்துக்கு வந்தது. இந்தக் குகை எழுத்துகள் தமிழ் என்று 1924-இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் காட்டினார். அதில் பாண்டியன் நெடுஞ்செழியன் பெயரைப் படித்த கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் இதைக் கி.மு. 2-ஆம் நூற்றாண்டு என்றார். பிறகு பொருந்தல், கீழடி அகழாய்வுகளில் எழுத்துப் பொறித்த பானை ஓடுகளோடு கிடைத்த பொருள்களுக்கு இன்னும் முந்திய காலக்கணிப்பு வந்ததால், தமிழியின் தொடக்கத்தையே இன்னும் பழைய காலத்துக்குத் தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். பலகைக்கும் யூடியூபுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது.

இரண்டு இடங்களில் கால் வழுக்கும். ஒன்று, ஓட்டின் காலத்தைக் குகைக்கு ஏற்றிவிடுவது. இன்னொன்று, மாங்குளத்து நெடுஞ்செழியனைச் சங்கப் பாட்டில் வரும் ஏதாவதொரு நெடுஞ்செழியனோடு உடனே முடிச்சுப் போடுவது. அந்தப் பெயரில் பாண்டியர் பலர். உங்கள் குறிப்பேட்டில் ‘கி.மு. 2, எழுத்தமைதியை வைத்து’ என்று காரணத்தோடு எழுதி வையுங்கள். யானைமலை நரசிங்கப் பெருமாள் குடைவரைக்கு இந்தத் தொல்லை இல்லை. பாண்டிய அமைச்சர் மாறங்காரி செய்வித்ததாகக் கல்வெட்டே கலியாண்டோடு சொல்கிறது, அது கி.பி. 770.

18. யாரும் சொல்லாத ஒரு நடுகல்லைப் பாத்த மாதிரி இருக்கு. என்ன செய்யறது?

முதலில் ஊரில் கேளுங்கள். நீங்கள் கண்டுபிடித்தது அவர்கள் வருடாவருடம் பொங்கல் வைக்கும் பட்டவன் சாமியாக (சண்டையில் இறந்து சாமியானவர்) இருக்கும். பிறகு 9-இல் சொன்னபடி படங்கள், உயரம், அகலம், கனம், எந்தத் திசை பார்த்து நிற்கிறது, எந்தக் கண்மாய்க்கு எந்தப் பக்கம் என்ற விவரங்களை எழுதுங்கள். இவற்றோடு ஊர் வி.ஏ.ஓ.விடமும் மாநிலத் தொல்லியல் துறையிடமும் எழுத்தில் கொடுக்கலாம். முகநூலில் போடுவதானால் ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். துல்லியமான இடக்குறியைப் போட்டால், புதையல் இருக்கும் என்று கல்லின் அடியைத் தோண்டிப் பார்க்க ஆள் வந்துவிடும்.